ஏதேனும் ஒரு புள்ளி

ஆறு மீட்டர் பலகை. சீரானது. நாற்பது கிலோ.
இடது ஓரத்தில் ஒரு தாங்கி,
வலது ஓரத்துக்கு இரண்டு மீட்டர் முன்னால் இன்னொன்று.
அறுபது கிலோ மனிதன் ஒருவன்
வலது தாங்கியைத் தாண்டி நடக்கிறான்.
பலகை கவிழாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

எதற்காகப் போகிறான் என்று
கேள்வித்தாள் சொல்வதில்லை.

செக்கானூரணி தாண்டித் தேனி ரோட்டில்
டீசல் பம்புக்கும் காற்றடிக்கும் மிஷினுக்கும் நடுவே
என் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் நோட்டு.
மூன்றாம் தடவை எழுதப்போகும் அரியர்.
பதினொன்றுக்கு மேல் மணிக்கு நாலு வண்டி வந்தால் அதிகம்.
எதிரே நாகமலை
அவ்வளவு நீளத்துக்குப் படுத்திருக்கிறது,
தாங்கி எங்கே வைத்தார்களோ.

விசை பெருக்கல் தூரம், திருப்பு விசை.
அது தெரியும்.
கதவைக் கீல் பக்கம் தள்ளித் தோற்ற
எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.
பிடிபடாதது அடுத்த வரிதான்:
ஏதேனும் ஒரு புள்ளியைப் பொறுத்து
கூட்டுத்தொகை சுழி.

ஏதேனும் என்றால்?
இருபத்து மூன்று வருஷத்தில்
என்னிடம் யாரும் ஏதேனும் என்று சொன்னதில்லை.

இடது ஓரத்தைப் பிடித்தேன்.
வலது தாங்கியின் விசை, தெரியாதது,
கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்றது.

அப்போது வந்தது ஜெயக்கொடி அண்ணனின் டாட்டா ஏஸ்.
கேபின் மேலே ஏறிய கம்பிக்கட்டு
பின்னால் இன்னொரு வண்டி நீளத்துக்கு நீண்டு,
நுனியில் சிவப்புத் துணி.
உசிலம்பட்டியில் யாருக்கோ மாடி.
ஐநூறுக்கு டீசல் போட்டு
பங்கிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சின்ன மேட்டில்
முன் சக்கரம் இரண்டும் ஒரு சாண் தூக்கிக்கொண்டன.
ஹெட்லைட் புளியமரத்து உச்சியில் அடிக்க
கொக்குகள் எழுந்து கத்தின.
அண்ணன் ஸ்டியரிங்கை
அங்கிட்டும் இங்கிட்டும் ஒடிக்கிறார்,
காற்றில்.

டீக்கடை பரமன் ஓடி வந்தார்.
எண்பத்தஞ்சு கிலோவாவது இருப்பார்.
பின் சக்கரத்துக்கு நேர் மேலே
விளிம்பில் ஏறி நின்று மிதித்தார்,
மிதித்தார்.
வண்டி அவரைக் கவனிக்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மயிர்க்கூச்செறிந்தது.
எவ்வளவு கனமும் இல்லாமல் போகிற ஓர் இடம்
இருக்கிறது.
தெரியாததை அங்கே நிறுத்திவிட வேண்டியதுதான்.

"அங்கிட்டு வேணாம்ணே, இறங்குங்க!"
பேனாவோடு ஓடி முன் பம்பரில் உட்கார்ந்தேன்.
நாற்பத்தெட்டு கிலோ. நாலு விரல் இறங்கியது.
சிக்கந்தர் பக்கத்தில் உட்கார்ந்தான்.
ரப்பர் மண்ணைத் தொட்ட சத்தம்
முதுகெலும்பில் கேட்டது.
பரமன் அண்ணன் பின்னால் போய்
கம்பியைத் தோள் கொடுத்துத் தள்ளினார்,
ஒரு முழம், இன்னும் அரை.
"இப்ப எந்திரிங்க. மொள்ள."
சிக்கந்தர் எழுந்தான். வண்டி யோசித்தது.
நான் எழுந்தேன்.
அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏத்தா, எஞ்சினியருக்கா படிக்கிற?"
"பெயிலுக்குண்ணே."

நோட்டில் டீசல் கறை.
வலது தாங்கியைப் பிடித்தேன்;
தெரியாதது சத்தமில்லாமல் விழுந்தது.
இந்தப் பக்கம் நாற்பது, ஒரு மீட்டரில்.
அந்தப் பக்கம் அறுபது.
அறுபத்தாறு சென்டிமீட்டர் சொச்சம்.
அதற்கு மேல் அவன் போகக் கூடாது.

அவனை அடித்துவிட்டு
என் எடையை எழுதிப் பார்த்தேன்.
எண்பத்து மூன்று.
நான் இன்னும் கொஞ்சம் போகலாம்,
பம்பரில் நான் உட்கார்ந்த அகலத்தில் பாதியாவது.
எதற்காகப் போகிறேன் என்று
நானும் எழுதவில்லை.

பால் வண்டி உள்ளே திரும்பியது.
நோட்டை நாற்காலியில் கவிழ்த்துவிட்டுப்
பிடியை எடுத்தேன்.
ஜீரோ பாத்துக்கங்கண்ணே.